சுரண்டி வைத்த இடம்

என் கொழுந்தன் பெண்டாட்டிக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திரேஸ்புரத்தில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி ஆயிரம் சொல்வார்கள், இதை மட்டும் சொல்ல மாட்டார்கள். உப்பளத்து மண் ரோட்டில், என் சொந்த வண்டியில், அவள் கியரைக் கறகறவென்று நெருடும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நாளில் பழகிவிட்டாள். மறு வருஷமே அவளும் ஒரு பழைய வண்டி வாங்கினாள். எனக்கு இருக்கிற அதே குட்டியானை லோடு வண்டி, அதே வெள்ளை நிறம். வேறு நிறமே கிடைக்கவில்லையாம்.

அண்ணன் தம்பி இருவருக்கும் கப்பலில் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் இரண்டு வீட்டிலும் ஆண்கள் கிடையாது. சும்மா இருக்க முடியாமல் நான் லோடு அடிக்க இறங்கியபோது ஊரே சிரித்தது. பெண்பிள்ளை லோடு வண்டி ஓட்டுகிறாளாம் என்று மீன் ஏலக் கூடத்தில் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையெல்லாம் நான் தின்று முடித்த பிறகு, துடைத்து வைத்த பாதையில் அவள் வந்தாள். அவளைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

வேம்பார் நண்டு லோடு என்னுடையது. ஆறு வருஷமாக என்னுடையது. விடியுமுன் புறப்பட்டு வேம்பார் கரைக்குப் போனால், வலையிலிருந்து நண்டைக் கழற்றிப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார்கள். ஏற்றிக்கொண்டு எட்டு மணிக்குள் தூத்துக்குடியில் நண்டு கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். அங்கே வேகவைத்துச் சதை எடுக்கப் பெண்கள் காத்திருப்பார்கள். எட்டுக்கு மேல் போனால் மேனேஜர் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். ஆறு வருஷத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்தது இரண்டு முறைதான்.

போன வருஷம் என் வண்டி புகை கக்க ஆரம்பித்தது. எண்ணெயைக் குடித்தது. மெக்கானிக் அண்ணாச்சி இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். பத்து நாள் என்றார். சாமான் வரவில்லை, லேத்தில் வேலை முடியவில்லை என்று ஐந்து வாரம் இழுத்தது. அந்த ஐந்து வாரமும் வேம்பார் லோடை அவள் ஓட்டினாள்.

"நீ வார வரைக்கும்தாம்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டாள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஆனால் ஒரு நாள் கம்பெனிப் பக்கம் போனபோது மேனேஜர் என்னிடமே சொல்கிறார்: "அந்தப் பிள்ளை ஏழரைக்கே வந்து நிக்குதும்மா. பெட்டியில ஈரச் சாக்கு போட்டு மூடிக் கொண்டாருது. ஒரு நண்டு சாகல." ஈரச் சாக்கு போடச் சொல்லிக் கொடுத்தது யார்? நான்! அதை அங்கே சொல்லவா முடியும்? வீட்டுக்கு வந்து சோறு இறங்கவில்லை.

அவள் வண்டிக்கும் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அதே அண்ணாச்சி இன்ஜின் வேலை பார்த்திருந்தார். வேலை நடந்த நாளெல்லாம் அவள் ஷெட்டில் நண்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இது என்ன அண்ணாச்சி, அது எதுக்கு அண்ணாச்சி என்று அவர் உயிரை எடுத்தாள். மெக்கானிக் படிப்பு படிக்கிறாளாக்கும் என்று நான் நக்கல் அடித்தேன். என் வண்டி ஷெட்டில் கிடந்தபோது நான் போனதெல்லாம் அவசரப்படுத்தத்தான். நின்றுகொண்டே கத்துவேன், வந்துவிடுவேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை போனபோது அவள் வண்டி ஆயில் மாற்ற மேட்டில் ஏறி நின்றது. அடிச்சட்டம் முழுக்கக் கறுப்பு பெயின்ட், மை பூசியது மாதிரி. எங்கள் ஊரில் இரும்பைத் திறந்து போடுகிறவர் கிடையாது. உப்புக் காற்று தின்றுவிடும். நண்டுப் பெட்டியிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் மிச்சத்தைத் தின்றுவிடும். கொடிக்கம்பியில் இருந்து கதவுக் கொண்டி வரைக்கும் எதையாவது பூசித்தான் வைப்போம். என் வண்டியோ இன்ஜின் இல்லாமல், துருவைச் சுரண்டிப் போட்டு, அம்மணமாக நின்றது.

"எனக்கும் அடிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"இன்ஜினை ஏத்தின பெறவு அடிப்போம்மா. பெயின்டருக்குச் சொல்லியிருக்கேன். இப்பம் வேண்டாம்" என்றார்.

அவளுக்கு மட்டும் உடனே, எனக்கு மட்டும் பிறகா? மறுநாள் ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் கடைக்குப் போய் ஒரு டின் கறுப்பு பெயின்ட் வாங்கினேன். ஷெட் என்றால் வெறும் தகரக் கூரைதான், பூட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆளும் கிடையாது. பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, நானே அடித்தேன். கியர்பாக்ஸ் வரும் இடத்துக்குப் பக்கத்தில், உள்பக்கமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் பளபளவென்று இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் இரும்பு வெள்ளியாக மின்னியது. சுற்றிச் சாக்பீஸில் ஒரு கோடு வேறு. பார்த்தாயா, இந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டிருக்கிறார், முதல் துரு இங்கேதான் பிடிக்கும் என்று நினைத்தேன். மற்ற இடத்துக்கு ஒரு கோட்டு. அந்த வட்டத்துக்கு மூன்று கோட்டு, காயவிட்டுக் காயவிட்டு. அவள் வண்டியைவிடக் கறுப்பாக இருக்கிறது என்று திருப்தியோடு எழுந்து போனேன். யாரிடமும் சொல்லவில்லை. பெயின்டர் வந்து போய்விட்டார் போலிருக்கிறது என்று அண்ணாச்சி நினைத்துக்கொண்டார்.

வண்டி கைக்கு வந்தது. மேனேஜரிடம் போய் நின்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அந்தப் பிள்ளையும் நல்லாத்தான் ஓட்டுது. உங்களையும் விட முடியாது. ஒண்ணு செய்வோம். திங்கள்லேர்ந்து சனி வரை நீங்க ஓட்டுங்க. ஆறு நாளும் எட்டுக்குள்ள வந்தா லோடு பழையபடி உங்களுக்கு. ஒரு நாள் தவறினாலும் அதுவே ஓட்டட்டும். சண்டை வேண்டாம்."

ஆறு வருஷம் ஓட்டியவளுக்கு ஆறு நாள் பரீட்சை! சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

திங்கள் விடியுமுன் சாவியைத் திருப்பினால், புது இன்ஜின் நோயாளி மாதிரி முனகியது. நாலு முறை முனகிப் பிறகுதான் பிடித்தது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். தருவைகுளம் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. மாதாவே என்று ஓரம் கட்டி, அணைத்து, பார்த்தால் தண்ணீர் நிறைய இருக்கிறது, தொட்டால் சூடுகூட அதிகம் இல்லை. மூன்று இடத்தில் நின்று நின்று போனேன். திரும்பி வரும்போது, நல்ல வெயிலில், முள் பூனைக்குட்டி மாதிரி கீழே படுத்திருந்தது. ஏழு ஐம்பத்தைந்துக்குக் கம்பெனி வாசல்.

"புது இன்ஜினு டைட்டாத்தான் இருக்கும்மா" என்று சொல்லி அண்ணாச்சி தெர்மோஸ்டாட்டை மாற்றினார். செவ்வாயும் அதே கதை. புதன் பேட்டரி இறங்கிவிட்டது. அண்ணாச்சி தெரிந்தவரிடம் ஒரு பேட்டரியை வாங்கி மாட்டினார். வியாழன் ஆக்ஸிலேட்டர் மிதி இறுகிக்கொண்டது. காலை எடுத்தாலும் மேலே வரவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது. கேபிள் உருகிப்போய் உள்ளே ஒட்டியிருந்தது. கேபிளை மாற்றினார். வண்டி பதினைந்து வருஷம் பழையதானாலும் இந்த நோய்களில் ஒன்றுகூட முன்னால் அதற்கு வந்ததில்லை. எல்லாம் இன்ஜின் இறக்கி ஏற்றியதற்குப் பிறகு வந்தவை.

"கரண்டு கோளாறு மாதிரி தெரியுதும்மா. நான் இன்ஜின் ஆளு. ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போ, எலெக்ட்ரீசியனை வரச் சொல்லுதேன்" என்றார்.

"ஒரு நாள் விட்டா என் லோடு போயிரும்லா! அவ வண்டில ஒண்ணும் வரலியே, என் வண்டில மட்டும் ஏன் வருது?"

"அதாம்மா எனக்கும் புரியல."

"எனக்குப் புரியுது. நல்ல சாமானெல்லாம் அவளுக்கு. கழிசடையெல்லாம் எனக்கு. அவ பக்கத்துல உக்காந்து அண்ணாச்சி அண்ணாச்சின்னு குழையிதால்லா!"

ஷெட்டில் நாலு பேர் இருந்தார்கள். அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். லைட் போட்டால்தான் முள் ஏறுகிறது, பகலில் ஏறுவதில்லை என்பதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார். எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. வாய் முழுக்க அவள்தான் இருந்தாள்.

வெள்ளி எப்படியோ தப்பித்தேன். சனி வந்தது.

வேம்பாரில் பெட்டிகளை ஏற்றிவிட்டு, ஈரச் சாக்கு மூடி, சாவியைத் திருப்பினேன். டக். மறுபடி டக். அவ்வளவுதான், முனகல்கூட இல்லை. மணி ஆறே முக்கால். இறங்கி வண்டியைச் சுற்றி வந்தேன். பேட்டரிமேல் கையால் குத்தினேன். சவம், இன்னைக்கா இப்படிக் கிடப்ப என்று திட்டினேன், கெஞ்சினேன். கரையில் இருந்த பெண்கள் வலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள்.

அப்போதுதான் பார்த்தேன். டீக்கடைக்குப் பின்னால், பாதி மறைந்து, ஒரு வெள்ளைக் குட்டியானை. மீன் நறுக்குகிற இடத்தில் பூனை காத்து நிற்குமே, அப்படி நிற்கிறாளே என்று உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அவள் இறங்கி நடந்து வந்தாள்.

"எதுக்குளா வந்த? எப்பம் விழுவான்னு பாக்கவா?"

"மேனேஜர்தாம்க்கா பின்னாலயே போகச் சொன்னாரு. புதன்லேர்ந்து வாரேன். நீ பாத்தா சங்கடப்படுவியேன்னு அங்கன நிறுத்திருந்தேன்."

புதன்கிழமையிலிருந்து! நாலு நாளாக என் பின்னாலேயே வந்திருக்கிறாள். அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். டீயைக் குடித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருந்தால் போதும். என் பெட்டிகள் அவள் வண்டிக்கு மாறிவிடும், லோடும் மாறிவிடும்.

அவள் என் வண்டியில் ஏறி லைட்டைப் போட்டாள். பளிச்சென்று எரிந்தது. ஹாரனை அடித்தாள். ஊரே திரும்பிப் பார்த்தது.

"பேட்டரி நல்லாத்தான் இருக்கு. இன்ஜினுக்கு எர்த்து வரலக்கா" என்றாள்.

தன் வண்டியிலிருந்து பேட்டரிக்குப் போடும் தடித்த வயரை எடுத்து வந்தாள். ஒரு முனையைப் பேட்டரி மைனஸில் கவ்வினாள், மறு முனையை நேரே இன்ஜினில் கவ்வினாள். "இப்பம் அடிக்கா" என்றாள். சாவியைத் திருப்பினேன். ஒரே சுற்றில், புது மணப்பெண் மாதிரி, வண்டி எழுந்து நின்றது.

அவள் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு அடியில் குனிந்தாள்.

"எர்த்து வயரு இங்கனதான் மாட்டணும். அண்ணாச்சி இந்த எடத்தச் சுரண்டிச் சுத்திக் கோடு போட்டு வைப்பாரு. எங்கிட்ட சொன்னாரே, இரும்பும் இரும்பும் தொட்டாத்தான் கரண்டு திரும்பிப் போவும்னு. இங்க பாரு, மேல இவ்ளோ தடிக்கு பெயின்ட் அடிச்சி, அதுக்கு மேல போல்டு போட்டிருக்கு. எந்தக் கூறுகெட்ட மூதி அடிச்சா இதுல?"

அந்த மூதி அவளுக்கு ஒரு முழம் தள்ளி, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. லைட்டின் கரண்டு, ஸ்டார்ட்டரின் கரண்டு எல்லாம் திரும்பிப் போக வழியில்லாமல் கிடைத்த கேபிளை உருக்கி, முள்ளை ஏற்றி, பேட்டரியை இறக்கி, ஆறு நாளாக என்னைப் படுத்தியது எதனால் என்று அந்த நிமிஷம் எனக்கு முழுசாகத் தெரிந்துவிட்டது.

"யாருக்கா அடிச்சா?"

"அவருதான்" என்றேன். "மெக்கானிக்குதான்."

வயரைக் கழற்ற வேண்டாம், அப்படியே போ என்று கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தாள். ஏழு நாற்பத்தெட்டுக்குக் கம்பெனி வாசலில் நின்றேன். லோடு எனக்கு வந்துவிட்டது. அவள் வெறும் வண்டியோடு திரும்பி வந்தாள்.

அதோடு அவள் விட்டிருக்கலாம். சாயங்காலம் அவள் ஷெட்டுக்குப் போய், பத்துப் பேர் முன்னால் அண்ணாச்சியைப் பிடித்துக் கிழித்துவிட்டாள். எங்கக்கா பொழப்பையே கெடுக்கப் பாத்தீரே, இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாளாம். எனக்காக! கேட்டதும் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது என்ன தெரியுமா? ஊர் இனி இவளுக்குத்தானே நல்ல மனசு என்று சொல்லும் என்கிற எரிச்சல்தான்.

திங்கள் மதியம் ஷெட்டுக்குப் போனேன். அண்ணாச்சி போல்ட்டைக் கழற்றி, அந்த வட்டத்தை மறுபடி சுரண்டினார். கறுப்புத் தூளாக உதிர்ந்தது.

"மூணு கோட்டு" என்றார். "வயர மாட்டுன பையன் இதப் பாக்கல. பெயின்டர்ட்ட கேட்டேன். அவன் அந்த வாரம் பூரா ஊர்லயே இல்லியாம்."

நான் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வயரை மாட்டி இறுக்கினார், மேலே கிரீஸ் அப்பினார். அன்றிலிருந்து இன்றுவரை என் வண்டி ஒரு தும்மல் தும்மியதில்லை.

அவள் தன் வண்டியைப் பைபாஸில் புதிதாக வந்த ஒரு ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள். முதலில் கிளட்ச் போனது. பிறகு எண்ணெய் ஒழுகியது. மூன்று மாதத்தில் அந்தப் பளிச்சென்ற வண்டி பின்னால் நீலப் புகை விட்டுக்கொண்டு திரேஸ்புரம் தெருவில் போயிற்று. ஒவ்வொரு முறை அந்தப் புகையைப் பார்க்கும்போதும் ஒரு வினாடி எனக்குள் ஜில்லென்று இருக்கும். அடுத்த வினாடி நெஞ்சைப் பிசையும். இரண்டும் உண்மைதான். முதல் வினாடி இல்லவே இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி. ஏற்கெனவே ஒரு பொய் போதும்.

போன மாதம் ஒரு காலை, நண்டு ஏற்றிக்கொண்டு வரும்போது, வைப்பாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் அவள் வண்டி ஓரமாக நின்றது. சூரங்குடிப் பக்கம் ஏதோ லோடை இறக்கிவிட்டுத் திரும்பியவள், ரோட்டோரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். வண்டிக்கு அடியில் எண்ணெய் குளமாகக் கிடந்தது.

"இன்ஜின் போச்சுக்கா" என்றாள். கண் சிவந்திருந்தது. "உன் வண்டி மட்டும் எப்படிக்கா இப்படி ஓடுது? இப்பம் யாரு பாக்கா?"

என் வாயில் பைபாஸ் என்று வந்தது, வேற ஆளு என்று வந்தது. அவள் கையில் அந்தப் பழைய தடித்த வயர் இருந்தது. அதை மாட்டிப் பார்த்திருக்கிறாள் போலிருக்கிறது.

"அவருதாம்ளா பாக்காரு" என்றேன். "எப்பவும் அவருதான். அந்தப் பெயின்டு அவரு அடிக்கல. நான் அடிச்சேன். உன் வண்டி கறுப்பா இருந்திச்சி, என்னுது இல்ல. அதான் அடிச்சேன்."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கத்தியிருப்பேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பம் அண்ணாச்சிய நான் அத்தன பேரு முன்னாடி..." என்றாள்.

என் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். கம்பெனியில் நண்டை இறக்கும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "ஷெட்டுக்கு விடுக்கா" என்றாள்.

நான் வண்டியை நிறுத்தி முடிப்பதற்குள் இறங்கி ஓடினாள். அண்ணாச்சி ஏதோ ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அன்றைக்கு மாதிரியே அன்றும் ஆட்கள் இருந்தார்கள். அவள் அவர்கள் முன்னாலேயே இரண்டு கையையும் கூப்பினாள். "தப்பாப் பேசிட்டேன் அண்ணாச்சி, மன்னிச்சிருங்க" என்றாள். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. என் பெயரை எடுக்கவில்லை, யார் அடித்தது என்றும் சொல்லவில்லை. அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "வண்டி எங்கம்மா நிக்கு?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அவள் தோளுக்கு மேலாக என் வண்டியைப் பார்த்தார்.

அத்தனை லேசாக ஒருத்திக்கு வருகிறதே என்று, மாதா சத்தியமாக, அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. பிறகு கதவைத் திறந்து இறங்கி அண்ணாச்சியிடம் நடந்தேன்.